மாரிக்கு முன் டயரைப் பாருங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை வீதிகளில் உயர் செயல்திறன் டயர்

உயர் செயல்திறன் டயர், அதாவது வேகத்திலும் வளைவிலும் கூடிய பிடிப்புக்காகச் செய்யப்பட்ட டயர், பூட்டிய காரை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஓட்டுபவரிடம் அந்த டயர் எப்படியிருக்கிறது என்று கேட்டால், கேட்கும் மாதத்தைப் பொறுத்தே விடை வரும். கச்சான் வீசும் ஆடி, ஆவணியில் கேட்டால், வளைவில் வீதியோடு ஒட்டிக்கொண்டு போகிறது, ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் திரும்புகிறது என்பார். கார்த்திகையிலோ மார்கழியிலோ அதே மனிதரிடம் கேட்டால், தண்ணீர் தேங்கிய இடத்தில் ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிட்டது, கார் தன்பாட்டில் மிதந்து போனது என்பார். இரண்டும் உண்மையான அனுபவங்கள். ஒரே டயரைப் பற்றியவையாகவும் இருக்கலாம்.

இதற்குக் காரணமான விடயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. காய்ந்த வீதியில் டயர் தேயத் தேயப் பிடிப்பு குறைவதில்லை. தவாளிப்புகள், அதாவது மேற்பரப்பில் வெட்டப்பட்ட பள்ளங்கள், ஆழமாக இருக்கும் புதிய டயரில் இறப்பர்க் கட்டைகள் பாரத்தின் கீழ் சற்று வளைந்து நெளியும். தேய்ந்த டயரில் அந்த நெளிவு குறைந்துவிடுவதால் பிரேக்கும் திருப்பமும் இன்னும் உறுதியாகவே தோன்றும். ஆகவே, மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வெயிலில் ஓடி டயர் தேய்ந்துகொண்டிருக்கும் அதே காலத்தில் சாரதிக்கு அதன்மீது நம்பிக்கை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒக்டோபரில் மழை தொடங்கும்போது அந்த நம்பிக்கை உச்சத்திலும் தவாளிப்பின் ஆழம் அடிமட்டத்திலும் இருக்கும். இங்கே ஓட்டுபவர் டயரை ஆவணி மாத உணர்வை வைத்து மதிப்பிடாமல், செப்டெம்பரில் மில்லிமீற்றரில் அளந்து மதிப்பிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் எல்லாமே அதைச் சார்ந்தவைதான்.

ஈர வீதியில் டயர் செய்யும் வேலை

இறப்பர் வீதியைப் பிடிப்பது இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று, இறப்பரும் வீதியின் மேற்பரப்பும் நேரடியாகத் தொட்டு ஒட்டிக்கொள்வது. மற்றது, தாரில் பதிந்துள்ள கற்களின் முனைகளைச் சுற்றி இறப்பர் அமுங்கி, வடிவம் மாறி, அந்த மாற்றத்திலேயே சக்தியை இழப்பது. வீதி நனைந்தவுடன் முதல் வழி பெருமளவு அடைபட்டுப்போகிறது, ஏனெனில் மெல்லிய நீர்ப்படலம்கூட இறப்பரைக் கல்லிலிருந்து பிரித்துவிடும். அப்போது இரண்டாவது வழியே துணை. 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் டயர்க் கலவையில் சிலிக்காவைப் பெருமளவில் சேர்க்கத் தொடங்கியதும், பின்னர் மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றியதும், உருளும்போது வீணாகும் சக்தியைக் குறைத்தபடியே இந்த ஈரப் பிடிப்பையும் காப்பாற்றுவதற்காகத்தான். இன்றைய நல்ல செயல்திறன் டயர்கள் மழையிலும் நன்றாக நிற்பதற்கு அந்தக் கலவை முக்கிய காரணம்.

ஆனால் கலவை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இறப்பர் கல்லை எட்டினால்தான் அதற்கு வேலை. எட்டுவதற்கு முதலில் தண்ணீர் விலக வேண்டும். 205 மில்லிமீற்றர் அகலமான டயர் ஒன்று, 3 மில்லிமீற்றர் தண்ணீர் நிற்கும் வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், அதன் பாதையில் நொடிக்கு ஏறத்தாழ 12 லீற்றர் தண்ணீர் குறுக்கிடும். கிணற்று வாளி ஒன்றை ஒவ்வொரு நொடியும் இறைத்து வெளியே ஊற்றுவது போன்ற வேலை அது. அந்தத் தண்ணீருக்கு வழிவிடுவது தவாளிப்புகளே. டயர் அகலமாக இருந்தால் விலக்க வேண்டிய தண்ணீரும் அதற்கேற்பக் கூடும் என்பதை, அழகுக்காக அகல டயருக்கு மாறுபவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். அகல டயர் தன்னளவில் கெட்டதல்ல. மொட்டையாகிய அகல டயர் மிகக் கெட்டது.

நிற்கும் தூரத்தில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது, உராய்வுக் குணகம் (பிடிப்பின் அளவைச் சொல்லும் எண்) 0.9 அளவிலுள்ள காய்ந்த வீதியில் கார் சுமார் 21 மீற்றரில் நிற்கும். நல்ல டயருடன் ஈர வீதியில் குணகம் 0.6 ஆக இருந்தால் 32 மீற்றர் வேண்டும். தேய்ந்த டயரில் அது 0.4 ஆக விழுந்தால் 48 மீற்றர். சாரதி ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஒரு நொடியில் கடக்கும் 19 மீற்றரை இவற்றோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

டயரின் பக்கச் சுவரில் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. 215/45 ஆர் 17 91 டபிள்யூ என்றிருந்தால், அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். 91 என்பது ஒரு டயர் தாங்கக்கூடிய 615 கிலோகிராம் பாரத்தைக் குறிக்கும் சுட்டெண். டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீற்றர் வேகத்தைத் தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்து. நகரத்துக்குள் 50, வெளியே 70 என்று வேக எல்லையுள்ள நாட்டில் 270 எதற்கு என்று கேட்பது நியாயமே. அந்த வேகம் நமக்குத் தேவையில்லை. ஆனாலும் டபிள்யூ, வை போன்ற எழுத்துகளுடன் வரும் டயர்களில் பெரும்பாலும் கட்டமைப்பு உறுதியானதாகவும் கலவை பிடிப்புள்ளதாகவும் இருக்கும். நாம் பணம் கொடுப்பது அவற்றுக்காக.

தேய்வுத் தரம் என்று, டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் ஓர் எண்ணும் இருக்கும். 200க்கும் குறைவான எண் கொண்டவை பெரும்பாலும் கார்ப் பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தவாளிப்பு குறைந்த அத்தகைய டயர் காய்ந்த வீதியில் எவ்வளவு அருமையாக இருந்தாலும், வாழைச்சேனைக்கும் பொத்துவிலுக்கும் இடையே மாரியில் ஓடும் காருக்குப் பொருந்தாது என்று தயங்காமல் சொல்வேன். 280 முதல் 340 வரையிலான எண்ணுள்ள கோடைகாலச் செயல்திறன் டயர்கள், அகலமான நீள்வாக்குத் தவாளிப்புகள் மூன்றோ நான்கோ கொண்டவையாக இருந்தால், இங்கே பொருத்தமானவை. அமெரிக்க முறையில் ஏஏ, ஏ, பி, சி என்று பொறிக்கப்பட்டுள்ள இழுவைத் தரம் நனைத்த மேற்பரப்பில் நேராகப் பிரேக் பிடித்து அளக்கப்படுவது. வளைவில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒட்டுச்சீட்டு இருந்தால் ஈரப் பிடிப்புக்கு ஏ அல்லது பி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

டி.ஓ.ரி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்கள் உற்பத்தித் திகதி. 3223 என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கி வைத்த பழைய இருப்பை விலை குறைவென்று வாங்க வேண்டாம். வெப்பத்தில் இறப்பர் இறுகும். இறுகிய இறப்பர் முதலில் இழப்பது ஈரப் பிடிப்பை.

யப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்து வந்த காரை வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில கார்கள் அந்நாட்டின் குளிர்காலத்துக்கான டயருடனேயே வந்து சேர்கின்றன. பக்கச் சுவரில் ஸ்டட்லெஸ் என்ற சொல்லோ பனித்துகள் அடையாளமோ இருக்கும். தவாளிப்புக் கட்டைகளில் கத்தியால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகள் நிறைந்திருக்கும். பார்வைக்குத் தவாளிப்பு ஆழமாகவே தெரியும். ஆனால் பனிக்காகச் செய்த அந்த மென்மையான இறப்பர் நமது வெப்பத்தில் குழைந்து, விரைவாகத் தேய்ந்து, மழையில் பிரேக் தூரத்தைக் கூட்டும். அவற்றை மாற்றிவிடுவதே சரி.

பூட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தவாளிப்பு வடிவம் இரு பக்கமும் வேறுபடும் டயரில் வெளிப்பக்கம் என்பதைக் குறிக்கும் அவுட்சைட் என்ற சொல் வெளியே தெரிய வேண்டும். அம்புக்குறி உள்ள டயரில் அந்த அம்பு கார் முன்னே போகும் திசையில் சுழல வேண்டும். மாறிப் பூட்டினால் நீரை வெளியேற்றும் அமைப்பு வடிவமைத்தபடி வேலை செய்யாது. புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எடுக்கும்போது படியும் வழுக்குப் பொருள் மிச்சமிருக்கும் என்பதால், முதல் 200, 300 கிலோமீற்றருக்கு மிதமாக ஓட்டுங்கள். முதல் நாளே மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மிதமாக.

இரண்டு டயர் மட்டும் வாங்க வசதியிருந்தால் அவற்றைப் பின்னால் பூட்டுங்கள். ஸ்டியரிங்கும் இயந்திரமும் முன்னால்தானே, நல்ல டயர் முன்னால் இருக்கட்டும் என்று பல கடைகளில் சொல்வார்கள், கேட்பதற்கும் அது சரியாகவே தோன்றும். ஆனால் தண்ணீரில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், சாரதிக்கு ஸ்டியரிங்கில் அது தெரியும், அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பின் டயர் வழுக்கினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் காரின் பின்பக்கம் சுழன்றுவிடும். அதை மீட்கும் பழக்கம் சாதாரணச் சாரதிகளுக்குக் கிடையாது.

செப்டெம்பரில் செய்ய வேண்டியது

பாடசாலை ஆய்வுகூடத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த வேணியர் இடுக்கிமானியே போதும். அதன் வால் முனையில் நீளும் மெல்லிய கம்பியைத் தவாளிப்புக்குள் இறக்கி, உடற்பகுதியை இறப்பரின் மேல் தட்டையாக வைத்து, ஆழத்தை வாசியுங்கள். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களில் அளக்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வைத்தால் முன் டயரின் உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியும். பின் டயருக்குக் குனிந்து கையைவிட வேண்டும். உயரத்தைக் குறைத்துப் பதிவாக்கிய கார்களில் வெளியே நிறைந்த தவாளிப்புடன் தெரியும் டயர் உள்விளிம்பில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருப்பது வழக்கம். பிறகு உள்ளங்கையை டயரின் குறுக்கே முதலில் உள்ளிருந்து வெளியே, பின்னர் வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரம் போலவும் தட்டுப்பட்டால் வீல் அலைன்மென்ட் பிழைத்திருக்கிறது. அதைத் திருத்தாமல் புது டயர் வாங்குவது பணத்தை வீதியில் தேய்ப்பதாகும்.

புதிய செயல்திறன் டயரில் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீற்றர். தவாளிப்புக்குள் ரி.டபிள்யூ.ஐ. என்ற அடையாளத்துக்கு நேரே உள்ள மேட்டுப் பட்டியின் உயரம் 1.6 மில்லிமீற்றர், இறப்பர் அந்தப் பட்டிக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் மாரிக்கு அந்த எல்லைவரை காத்திருக்கக் கூடாது. செப்டெம்பரில் 4 மில்லிமீற்றர் இருந்தால் அந்த மழையை ஓட்டிவிடலாம். 3க்குக் கீழே என்றால் மழைக்கு முன்பே மாற்றுங்கள். இடைப்பட்ட அளவு என்றால், நீங்கள் நாளாந்தம் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடுபவரா, வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவரா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

காற்றழுத்தத்தைக் காலையில், கார் ஓடுவதற்கு முன், சொந்த அளவுமானியால் பார்க்க வேண்டும். சரியான அளவு சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் உள்ள எண் உச்ச வரம்பு மட்டுமே. குடும்பத்தோடு ஐந்து பேரும் பொதிகளுமாகக் கதிர்காமம் போவதென்றால் அதே சீட்டில் முழுப் பாரத்துக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு ஏற்றுங்கள். குறைந்த காற்று மழையில் இன்னும் ஆபத்தானது. நாசா ஆய்வாளர்கள் 1960களில் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து கண்ட உறவின்படி, தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்குகிறது. அந்தக் கணக்கில் 32 பி.எஸ்.ஐ. உள்ள டயர் மணிக்கு சுமார் 94 கிலோமீற்றரில் மிதக்குமென்றால், 24 பி.எஸ்.ஐ. உள்ளது 82இலேயே மிதந்துவிடும். அகலமான, தேய்ந்த கார் டயருக்கு உண்மையான வேகம் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

காய்ந்த காலம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செயல்திறன் டயர் தன் முழுத் திறமையையும் காட்டும் காலம் இது. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் 3, 4 பி.எஸ்.ஐ. கூடியிருக்கும், அதைக் குறைக்க வேண்டாம். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை, வெல்லாவெளிப் பக்கங்களில் வீதியோரம் காயவிட்ட நெல்லின்மேலும், வயலிலிருந்து ஏறிய உழவு இயந்திரம் உதிர்த்த சேற்றுக் கட்டிகளின்மேலும், கரையோரத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணலின்மேலும் எந்த டயருக்கும் பிடிப்பில்லை. அவற்றின்மேல் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. தாழ்ந்த பக்கச் சுவர் கொண்ட டயர் குழியில் விழுந்தால் உள்ளேயுள்ள இழைகள் அறுந்து, சில நாட்களில் பக்கவாட்டில் முட்டை போல் புடைத்துவிடும். அப்படிப் புடைத்த டயரை ஒட்டுப்போட முடியாது.

முதல் மழையும் அதற்குப் பிந்திய மழையும்

கச்சான் முடிந்து வரும் முதல் மாலை மழைதான் மிக வழுக்கும் மழை. மாதக்கணக்காக வீதியில் படிந்த எண்ணெய், டயர்த் தூள், புழுதி எல்லாம் தூறலோடு கலந்து ஒரு பசையாகிவிடும். பலத்த மழை அரை மணி நேரம் பெய்தால் அது கழுவுண்டு போகும். மெல்லிய தூறல் என்றால் அப்படியே கிடக்கும். தூறல்தானே என்று வேகத்தைக் குறைக்காமல் போகிறவர்கள் பஸ் தரிப்பிடங்களுக்கு முன்னாலும் சுற்றுவட்டங்களிலும் வழுக்குவது இதனால்தான், அங்கேதான் எண்ணெய் அதிகம் சிந்தியிருக்கும். பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சும் பாலங்களின் இணைப்பிலுள்ள இரும்புப் பட்டிகளும் நனைந்தால் தாரைவிட வழுக்கும். கல்லடிப் பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிரேக்கை முன்கூட்டியே பிடித்து முடித்துவிட்டு, இணைப்புகளின்மேல் சக்கரத்தைச் சுதந்திரமாக உருளவிடுங்கள்.

மழை பலத்தபின் பிரச்சினை தேங்கிய தண்ணீர். கனரக வாகனங்கள் ஓடி ஓடி வீதியில் பள்ளமான இரண்டு தடங்கள் விழுந்திருக்கும். தண்ணீர் அந்தத் தடங்களில்தான் நிற்கும். இயலுமான இடங்களில் சக்கரங்களைத் தடத்திலிருந்து சற்று விலக்கி மேட்டில் ஓட்டுங்கள். முன்னால் வாகனம் போனால், போதிய இடைவெளி விட்டு, அது தண்ணீரை விலக்கிய கோட்டிலேயே செல்லுங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுங்கள்.

மிதப்பு தொடங்குவதை அறிவதற்கு அடையாளங்கள் உண்டு. சக்கரத்தின் கீழ் தண்ணீர் சிதறும் இரைச்சல் திடீரென்று மாறும், ஸ்டியரிங் பாரமிழக்கும், இயந்திரத்தின் சுற்று காரணமின்றி ஏறும். அந்தக் கணத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டாம், ஸ்டியரிங்கை வெட்டவும் வேண்டாம். அக்சிலேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கைப் போக வேண்டிய திசையில் அசையாமல் பிடியுங்கள். வேகம் சற்று இறங்கியதும் டயர் மீண்டும் வீதியைத் தொடும். அப்போது சக்கரம் ஒரு பக்கம் ஒடிந்திருந்தால் கார் அந்தப் பக்கம் பாயும், அதனால்தான் அசையாமல் பிடிக்கச் சொல்கிறேன். வெறுமனே நனைந்த வீதியில் அவசரமாக நிறுத்த வேண்டியிருந்தால் நிலைமை வேறு: சக்கரம் இறுகிப்போகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள காரில் பிரேக்கை முழுப் பலத்துடன் அழுத்தி, பெடல் அதிர்ந்தாலும் விடாமல் பிடிக்க வேண்டும். அந்த அதிர்வைப் பழுது என்று நினைத்துக் காலை எடுத்துவிடுபவர்கள் உண்டு. ஆளரவமற்ற நேரான வீதியில், பின்னால் எதுவும் வரவில்லை என்று உறுதிசெய்து, 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு முறை காய்ந்தபோதும் ஒரு முறை நனைந்தபோதும் அப்படிப் பிடித்துப் பார்த்தால், உங்கள் டயரின் வேறுபாட்டை எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாக அறிவீர்கள்.

மழை இரவுகளில் மாடுகள் மேடான தார் வீதிக்கு வந்து படுத்துக்கொள்ளும். மேலே சொன்ன 48 மீற்றரை நினைவில் வைத்து, விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

குறுக்கே ஓடும் வெள்ளத்தில் டயரைப் பற்றிப் பேச எதுவுமில்லை. கிரான் புலிபாய்ந்தகல் வீதியும் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியும் மாரியில் மூழ்குவதை எல்லோரும் அறிவோம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில், உயரமும் பாரமும் பெரிய சக்கரங்களும் கொண்ட உழவு இயந்திரமே அடித்துச் செல்லப்பட்டு, அதில் வந்த மாணவர்கள் உயிரிழந்தார்கள். ஓரடி ஆழமான ஓடும் நீரே சிறிய காரை நகர்த்தப் போதும். திரும்பிப் போங்கள், அல்லது வடியும்வரை காத்திருங்கள்.

தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தபின் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக அழுத்தி உலர்த்துங்கள். மறுநாள் வெளிச்சத்தில் நான்கு டயர்களிலும் ஆணி, கம்பித் துண்டு, பக்கச் சுவரின் உட்புறப் புடைப்பு உள்ளதா என்று பாருங்கள். உபரிச் சக்கரத்தையும் அன்றே பார்த்துவிடலாம். அது மெல்லிய தற்காலிக வகையென்றால் அதற்கு 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும், உச்ச வேகம் 80 கிலோமீற்றர். மழையில் அந்த வேகமும் மிக அதிகம். 50க்கு மேல் போகாமல் அருகிலுள்ள டயர் கடைவரை மட்டும் ஓட்டுங்கள். ஹொண்டா வெசல் போன்ற சில கார்களில் உபரிச் சக்கரத்துக்குப் பதிலாகப் பசைக் குப்பியும் காற்றடிக்கும் சிறு இயந்திரமும் இருக்கும். குப்பியின் காலாவதித் திகதியைப் பாருங்கள். தவாளிப்பில் ஏறிய ஆணிக்கு அது உதவும், கிழிந்த பக்கச் சுவருக்கு உதவாது. ஆகவே மகாஓயா, வெலிக்கந்தைப் பக்கமாகக் கடைகளில்லாக் காட்டு வீதியில் இரவில் போக நேர்ந்தால், முழு அளவுச் சக்கரம் ஒன்றைப் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள்.